இரண்டரை மணி நேரம்

"ஏன் தம்பி, ரஷ்யாவுல பூமி ஆடுனா நம்ம ஏரியில தண்ணி ஏறுமா?"

பழவேற்காடு ஏரியோரம் ஆரம்பாக்கத்தில், கொல்கத்தா நெடுஞ்சாலையை ஒட்டிய டீக்கடை. கேட்டவர் நண்டுக் கூடையைக் காலடியில் வைத்துவிட்டு பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஓர் அக்கா. அவர் மகனின் போனில் ஒரு வீடியோ திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது. துறைமுகத்துக்குள் கருப்பாக நீர் புகுகிறது, கட்டடங்கள் நகர்கின்றன. 2025 ஜூலை 30, ரஷ்யாவின் கம்சாட்கா கடலடியில் 8.8 அளவில் நிலநடுக்கம் வந்த நாள். நம் நேரப்படி விடிவதற்கு முன், ஐந்து மணி சுமாருக்கு.

அந்த மாதம் முழுக்கவே கரையில் ஒரு கலக்கம் இருந்தது. ரியோ தட்சுகி என்ற ஜப்பானியப் படக்கதை ஓவியர் 2025 ஜூலையில் பெரும் பேரழிவு வரும் என்று கனவு கண்டதாக எழுதியிருந்தார். அதை வைத்து ஜூலை 5-ஆம் தேதியைக் குறித்து, தமிழ்ச் சேனல்களும் யூடியூப்காரர்களும் வாரக்கணக்கில் பேசினார்கள். 5-ஆம் தேதி எதுவும் நடக்கவில்லை. 30-ஆம் தேதி கம்சாட்கா ஆடியதும் "பார்த்தீங்களா, சொன்னது நடந்துச்சு" என்று மறுபடி தொடங்கிவிட்டார்கள்.

அக்காவுக்கு முதலில் திசையைச் சொன்னேன். கம்சாட்கா இருப்பது பசிபிக் கடலில். அங்கே கிளம்பும் அலை வங்கக்கடலுக்கு வர வேண்டுமென்றால் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, மலேயா என்று வரிசையாக நிற்கும் தீவுகளையும் நிலத்தையும் தாண்ட வேண்டும். அந்தச் சந்துகளுக்குள் நுழைந்து நுழைந்தே அது செத்துப்போகும். அன்று ஜப்பானில் ஏறத்தாழ 20 லட்சம் பேரை மேட்டுக்குப் போகச் சொன்னார்கள். அது அவர்கள் கடல், அவர்கள் சொன்னது சரி. நமக்கு ஆபத்தில்லை என்று ஐதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற சுனாமி எச்சரிக்கை மையம் அன்று காலையே அறிவித்துவிட்டது.

"அப்ப எங்க ஆடுனா நமக்கு வரும்?"

இதுதான் கேட்க வேண்டிய கேள்வி. இதைக் கேட்கத் தெரிந்தவர்களைப் பயந்தாங்கொள்ளி என்று யாரும் சொல்லக் கூடாது.

கிழக்கே கடலைப் பார்த்து நின்றால், ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், மியான்மர் பக்கத்திலிருந்து அந்தமான், நிக்கோபார் வழியாகச் சுமத்ராவரை கடலுக்கு அடியில் ஒரு நீண்ட பள்ளம் ஓடுகிறது. நாம் உட்கார்ந்திருக்கும் நிலத்தையும் வங்கக்கடலின் தரையையும் சுமக்கும் பாறைத் தட்டு அந்த இடத்தில்தான் இன்னொரு தட்டின் அடியில் புகுகிறது. வருடத்துக்குச் சில சென்டிமீட்டர் கணக்கு. புகும்போது இரண்டும் சிக்கிக்கொள்ளும். மேலே இருக்கும் தட்டின் ஓரம் கீழே இழுபட்டு வளைந்து, நூறு இருநூறு வருஷம் அப்படியே இறுகிக் கிடக்கும். ஒருநாள் சிக்கல் விடும். வளைந்த ஓரம் துள்ளி எழும். அதன் மேல் நிற்கும் மூன்று, நான்கு கிலோமீட்டர் உயரத் தண்ணீரும் சேர்ந்து எழும். 2004 டிசம்பர் 26 காலை ஆறரை மணிக்கு நடந்தது அதுதான். 1,200 கிலோமீட்டருக்கும் மேலான நீளத்துக்கு, பத்து நிமிட அளவில், அந்தச் சிக்கல் கிழிந்துகொண்டே போனது.

அது முதல் முறையல்ல. 1881 டிசம்பர் 31-இல் கார் நிக்கோபார் அருகே இதே வரிசையில் ஒரு நிலநடுக்கம் வந்திருக்கிறது. அது கிளப்பிய சிறிய அலை அன்றைய மதராஸ் துறைமுகத்தின் கடல்மட்ட அளவியில் பதிவாகியிருக்கிறது. நாம் மறந்திருந்தோம், அவ்வளவுதான்.

அக்கா கையை நீட்டித் தடுத்தார். "அதுக்கப்புறமும்தான் ஆடுச்சே. ஒருநாள் மத்தியானம் எல்லாரும் ஓடுனோம். ஒண்ணும் வரல. அது ஏன்?"

அவர் சொன்னது 2012 ஏப்ரல் 11. மதியம் இரண்டு மணி எட்டு நிமிடத்துக்கு, சுமத்ராவுக்கு மேற்கே கடலடியில் 8.6. இரண்டு மணி நேரம் கழித்து, நாலே கால் மணிக்கு, இன்னொன்று 8.2. சென்னையில் மேசையும் நாற்காலியும் ஆடின. அலுவலகங்களிலிருந்து ஆட்கள் தெருவுக்கு இறங்கினார்கள். கடற்கரைகளைக் காலி செய்தார்கள். ஏழு வருஷத்துக்கு முன் பார்த்தது எல்லோர் கண்ணிலும் இருந்தது. ஆனால் சாயங்காலம்வரை காத்திருந்தும் கடல் தன்பாட்டில் கிடந்தது. சுமத்ராவின் மெலாபோவிலேயே ஒரு மீட்டர் அளவுதான் ஏறியது.

டம்ளர் கழுவுகிற பிளாஸ்டிக் தொட்டி பக்கத்திலேயே இருந்தது. கடைக்காரரிடம் கேட்டுவிட்டு அதற்குள் கையை விட்டேன். முதலில் உள்ளங்கையை விரித்து அடியிலிருந்து வெடுக்கென்று மேலே தூக்கினேன். தண்ணீர் விளிம்பைத் தாண்டிச் சிந்தியது. அடுத்து அதே கையைக் கத்தி மாதிரி நிறுத்தி, அதே வேகத்தில் நீளவாக்கில் இழுத்தேன். மேலே ஒரு சின்ன நெளிவு, அவ்வளவே. முதலாவது 2004. இரண்டாவது 2012. அந்த வருஷம் பாறைகள் ஒன்றையொன்று உரசிப் பக்கவாட்டில் நகர்ந்தன. கடல் தரை பெரிதாக மேலே எழவில்லை. பக்கவாட்டில் நகரும் வகையில் கருவிகள் பதிவுசெய்த மிகப் பெரிய நிலநடுக்கம் அது. கையின் பலம் இரண்டு முறையும் பெரிதுதான், திசைதான் வேறு.

ஆகவே 8.6, 8.8 என்ற எண்ணை மட்டும் பார்த்துப் பயப்படுவதும் சரியில்லை. அதைப் பார்த்து அலட்சியமாக இருப்பதும் சரியில்லை. எங்கே, எவ்வளவு ஆழத்தில், எந்தத் திசையில் என்ற மூன்றும் சேர்ந்தால்தான் கணக்கு. அந்தக் கணக்கு முதல் சில நிமிடங்களில் விஞ்ஞானிகளுக்கே முழுதாகத் தெரியாது. 2012-இல் அவர்கள் ஓடச் சொன்னது பிழையில்லை, நீங்கள் ஓடியதும் பிழையில்லை. வீணாக ஓடினோம் என்று அன்று ஊரில் சிலர் சிரித்தார்களாம். அந்தச் சிரிப்புதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. அடுத்த முறை நான்கு பேர் ஓடத் தயங்குவதற்கு அது போதும்.

அக்காவின் மகனுக்கு வேறொரு சந்தேகம். "அவ்ளோ பெரிய அலைன்னா நடுக்கடல்ல போட்டுல இருக்கிறவன் கதி?"

அவனுக்கு ஒன்றும் ஆகாது. 2004-இல் அலை கிளம்பி இரண்டு மணி நேரத்தில், ஜேசன்-1 என்ற செயற்கைக்கோள் தற்செயலாக இந்தியப் பெருங்கடலுக்கு மேலே பறந்தது. அது அளந்த உயரம் சுமார் 60 சென்டிமீட்டர். அந்த அறுபது சென்டிமீட்டரும் பல நூறு கிலோமீட்டர் நீளத்துக்குப் பரந்து கிடந்தது. போட்டில் இருப்பவனுக்குத் தன்னை எதுவோ தூக்கியது என்றுகூடத் தெரியாது. ஆனால் அது மணிக்கு 700 கிலோமீட்டர் போல, விமானத்தின் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். கடலின் ஆழம்தான் வேகத்தைத் தீர்மானிக்கிறது. 40 மீட்டர் ஆழத்துக்கு வரும்போது 70 கிலோமீட்டர். 10 மீட்டர் ஆழத்தில் 36.

எளாவூர் சோதனைச்சாவடியைக் காட்டி மீதியைச் சொன்னேன். ஆந்திராவிலிருந்து நல்ல வேகத்தில் லாரிகள் வரிசையாக வருகின்றன. முன்னால் வருகிறவன் பிரேக் போடுகிறான். பின்னால் வருகிறவன் இன்னும் வேகத்தில் இருக்கிறான். இடைவெளி சுருங்கிச் சுருங்கி, கிலோமீட்டர் கணக்கில் பரவியிருந்த லாரிகள் சாவடி வாசலில் ஒன்றோடொன்று முட்டி நிற்கின்றன. கரைக்குப் பக்கத்தில் தண்ணீரும் அப்படித்தான் நெருங்கும். லாரிக்குப் போக வேறு இடமில்லை, நிற்கும். தண்ணீருக்கு மேலே இடம் இருக்கிறது, எழும். கரைக்கு வந்த பிறகு அது அலை மாதிரி உடைந்து திரும்பிப் போவதில்லை. கடலே கொஞ்ச நேரத்துக்கு ஊருக்குள் வந்து நிற்பது போல, பின்னால் வரும் நீர் தள்ளிக்கொண்டே இருக்கும். முழங்கால் உயரம் வந்தாலே ஆளைச் சாய்த்துவிடுவது அதனால்தான்.

இனி அவர்களிடம் நான் அழுத்திச் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். கடல் உள்வாங்கினால் சுனாமி வரும் என்று இன்று தமிழ்நாட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ராமேஸ்வரத்திலோ கன்னியாகுமரியிலோ கடல் நூறடி உள்ளே போனால் அன்று மாலைச் செய்தியில் வந்துவிடும். பெரும்பாலும் அது காற்றும் அமாவாசை, பௌர்ணமி ஏற்றவற்றமும் செய்கிற வேலை. சில மணி நேரத்தில் சரியாகிவிடும். அதற்குப் பயப்பட வேண்டியதில்லை. பெரிய ஆபத்து அடுத்த பக்கத்தில் இருக்கிறது. கடல் உள்வாங்கவில்லையே, அப்படியென்றால் ஒன்றுமில்லை என்று நினைத்துவிடுவது.

சுமத்ரா பள்ளத்தில் தட்டு துள்ளும்போது அதன் மேற்குப் பக்கம் எழுகிறது, கிழக்குப் பக்கம் தாழ்கிறது. தாழ்ந்த பக்கத்தில் இருக்கும் தாய்லாந்துக்கு முதலில் கடல் உள்வாங்கியது. எழுந்த பக்கத்தில் இருப்பது நாம். நம் கரைக்கு முதலில் வந்தது ஏறுகிற நீர். அதற்குப் பிறகுதான் கடல் பின்வாங்கியது, பிறகு மறுபடி வந்தது. கரையில் நின்று கடல் உள்ளே போகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பவருக்கு முதல் அடையாளமே தண்ணீராக இருக்கும்.

நிலம் ஆடுவதையும் நம்ப முடியாது. சுமத்ராவுக்குப் பக்கத்தில் சிமெலுவே என்று ஒரு தீவு. 1907-இல் அங்கே ஒரு சுனாமி வந்து நிறையப் பேர் செத்தார்கள். அதற்குப் பிறகு பாட்டிமார் பேரப்பிள்ளைகளுக்குச் 'ஸ்மோங்' என்று ஒரே சொல்லைச் சொல்லி வளர்த்தார்கள்: நிலம் பலமாக ஆடினால், கடல் வற்றினால், எதையும் எடுக்காதே, மலைக்கு ஓடு. 2004-இல் நடுக்கத்துக்கு மிக அருகில் இருந்தது அந்தத் தீவுதான். ஏறத்தாழ 78,000 பேரில் இறந்தது ஏழு பேர். ஒரு கருவி இல்லை, சைரன் இல்லை.

அதைப் படித்தபோது நம் கரையிலும் இப்படி ஒரு சொல் இருந்திருந்தால் என்று மனம் கிடந்து தவித்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் இறந்தவர்கள் ஆறாயிரத்துக்கும் மேல். தமிழ்நாடு முழுக்க ஏறத்தாழ எண்ணாயிரம். ஆனால் யோசித்தால், சிமெலுவேயின் பாடம் அப்படியே நமக்குப் பொருந்தாது. நாம் பள்ளத்திலிருந்து வெகு தூரம். நமக்கு நிலம் லேசாக ஆடினால் உண்டு. அன்று காலை பலர் தூக்கத்தில் அதை உணரவே இல்லை. கடலும் முன்கூட்டி வற்றாது. அங்கே நிலமே சொல்லிவிடும். இங்கே யாராவது ஒரு ஆள்தான் இன்னொரு ஆளுக்குச் சொல்ல வேண்டும்.

அதற்கு நமக்கு நேரம் இருக்கிறது. சிமெலுவேக்காரர்களுக்குக் கிடைத்தது நிமிடக் கணக்கு. ஆறரைக்குக் கிளம்பிய அலை சென்னைக்கு ஒன்பது மணி சுமாருக்குத்தான் வந்தது. இரண்டரை மணி நேரம். அந்தமான் பக்கமே கிழிந்தால் இன்னும் கொஞ்சம் குறையலாம். அந்த இரண்டரை மணி நேரத்தில் நம் கரை முழுக்க ஞாயிற்றுக்கிழமைக் காலையாகக் கழிந்தது. வலை உலர்ந்தது, மீன் ஏலம் போனது, பிள்ளைகள் மணலில் பந்து ஆடினார்கள். இந்த டீயைக் குடித்துவிட்டு ஏரிக்குப் போய், ஒரு சுற்று வலை இழுத்து, திரும்பி வந்து இன்னொரு டீ குடிக்கிற நேரம் அது.

அக்கா எதுவும் பேசவில்லை. கடலோரக் குப்பத்தில் கட்டிக்கொடுத்திருந்த தன் தங்கை வீட்டில் அன்றைக்குப் படகும் வலையும் போனதை மட்டும் கொஞ்சம் கழித்துச் சொன்னார். உயிர் தப்பியது, வேறொன்றும் தப்பவில்லை.

அன்றே அந்த நேரத்தைப் பயன்படுத்திய ஊர் ஒன்று இருந்தது. புதுச்சேரியில் நல்லவாடு. அந்த ஊர்க்காரர் ஒருவர் சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். செய்தி தெரிந்ததும் வீட்டுக்குப் போன் போட்டார். ஊரில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கிவைத்த கிராம அறிவு மையம் ஒன்று இருந்தது. கடலில் அலை எவ்வளவு உயரம் என்று மீனவர்களுக்குத் தினமும் ஒலிபெருக்கியில் சொல்வதற்காக வைத்தது. இளைஞர்கள் ஓடிப்போய் அதே ஒலிபெருக்கியில் எல்லோரையும் கரையை விட்டுப் போகச் சொன்னார்கள். மூவாயிரத்துக்கும் அதிகமானோர் இருந்த ஊர், தண்ணீர் வருவதற்குள் காலியாகியிருந்தது. தினமும் வேலை செய்த மைக் என்பதால்தான் அன்றும் வேலை செய்தது என்று நான் நினைக்கிறேன்.

இப்போது அந்த முதல் போனைப் போடுவதற்கு அரசாங்கமே இருக்கிறது. 2007 அக்டோபரிலிருந்து இன்காய்ஸில் இரவு பகலாக ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். எங்கே பெரிதாக ஆடினாலும் பத்து நிமிட அளவில் முதல் அறிக்கை. அதன்பின் கடலடியில் கிடக்கும் அழுத்தமானிகள், தங்களுக்கு மேலே நிற்கும் தண்ணீர் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் கூடினாலும் மேலே மிதக்கும் மிதவைக்குச் சொல்ல, மிதவை செயற்கைக்கோளுக்குச் சொல்ல, அலை உண்மையில் கிளம்பியதா இல்லையா என்பது தெரிந்துவிடும். அதைப் பொறுத்து எச்சரிக்கையை ஏற்றுவார்கள், அல்லது விலக்கிக்கொள்வார்கள். விலக்கிக்கொண்டார்கள் என்றால் முதலில் பொய் சொன்னார்கள் என்று அர்த்தமில்லை. கடலிடமே கேட்டுத் தெரிந்துகொண்டார்கள் என்று அர்த்தம்.

டிவியில் சிவப்பு எழுத்தில் ஓடுகிற எல்லாம் ஒரே அளவும் இல்லை. கரையில் எதிர்பார்க்கும் அலை இரண்டு மீட்டருக்கு மேல் என்றால் முழு எச்சரிக்கை, கரையோரத்தார் வீட்டை விட்டுப் போயாக வேண்டும். அரை மீட்டரிலிருந்து இரண்டு மீட்டர் என்றால் அடுத்த படி, கடற்கரையில் நிற்கக் கூடாது. அதற்கும் கீழே என்றால் கவனமாக இருந்தால் போதும், யாரையும் வெளியேற்ற மாட்டார்கள். நிலநடுக்கம் எப்போது வரும் என்று முன்கூட்டி நாள் குறிக்க இவர்களால் முடியாது. உலகத்தில் யாராலும் முடியாது. 2004 டிசம்பர் 30-ஆம் தேதி, பிணங்களைத் தேடிக்கொண்டிருந்த நேரத்திலேயே, மறுபடி சுனாமி வரலாம் என்று மத்திய உள்துறையிலிருந்து ஓர் எச்சரிக்கை வந்தது. ஏதோ ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் கணிப்பை நம்பி வந்தது. நிவாரண வண்டிகளை விட்டுவிட்டுக்கூட ஆட்கள் ஓடினார்கள். அதற்கு அறிவியல் அடிப்படையே இல்லை என்று அன்றைய அறிவியல் அமைச்சர் கபில் சிபல் அதே நாளில் சொல்ல வேண்டியதாயிற்று. ஆடிய பிறகு சொல்பவர்களை நம்புங்கள், ஆடுவதற்கு முன் தேதி சொல்பவர்களை விட்டுவிடுங்கள் என்றேன் அக்காவின் மகனிடம். அவன் வீடியோவை நிறுத்தியிருந்தான்.

"சரி, எச்சரிக்கைன்னே வெச்சுக்க. நாங்க எங்க ஓடுறது? முன்னால ஏரி, அதுக்கு அந்தாண்ட கடலு."

நியாயமான கேள்வி. ஆரம்பாக்கத்துக்கும் கடலுக்கும் நடுவே பழவேற்காடு ஏரி. ஏரிக்கு அப்பால் ஸ்ரீஹரிகோட்டா தீவு. ராக்கெட் ஏவும் நாளில் இந்த வீடுகளின் தகரமும் கண்ணாடியும் அதிர்வது அந்தத் தீவிலிருந்துதான். கடல் முதலில் மோத வேண்டியது அந்த நீண்ட மணல் மேட்டில். தாண்டி ஏரிக்குள் வர அதற்கு முகத்துவாரம் மாதிரிக் குறுகிய வழிகளே உண்டு. வந்தாலும் பல இடங்களில் இடுப்பளவே ஆழமுள்ள, பரந்த ஏரியில் பரவிப் பலம் இழக்கும். பழவேற்காட்டுக் கடலோரக் குப்பங்களுக்கு இருக்கும் ஆபத்து ஆரம்பாக்கம் வீடுகளுக்கு அதே அளவில் இல்லை. ஆனால் ஆரம்பாக்கத்து மனிதர்கள் எந்நேரமும் வீட்டில் இருப்பதில்லையே. ஏரிக்குள் வலையோடு இருப்பவர்கள், முகத்துவாரத்துப் பக்கம் இறாலுக்கும் மடவைக்கும் போனவர்கள், கடலுக்கே போனவர்கள் என்று இருக்கிறார்கள்.

முகத்துவாரத்தில் நீர் உள்ளே வரும்போதும் வெளியே இழுக்கும்போதும் படகு நிற்காது. அங்கிருந்து முதலில் விலக வேண்டும். ஏரியில் இருப்பவர்கள் மேற்குக் கரைக்கு வந்து, படகை விட்டுவிட்டு மேடேற வேண்டும். ரயில் பாதையும் நெடுஞ்சாலையும் இந்தப் பக்கம்தான். நடந்தே போகலாம், நேரம் இருக்கிறது. பைக்கில் மூன்று பேராக ஏறி லாரிகளுக்கு நடுவே பறப்பதில்தான் உயிர் போகும். கடலுக்குள் போனவர்கள் கரைக்குத் திரும்பவே கூடாது. இன்னும் ஆழத்துக்குப் போக வேண்டும், அந்த அறுபது சென்டிமீட்டர் கதைதான் காரணம். புருஷனும் பிள்ளையும் கடலில் இருக்கும்போது "திரும்பி வராதே" என்று சொல்ல எந்தப் பெண்ணுக்கும் வாய் வராது. அதனால்தான் இதை இன்றைக்கே வீட்டில் பேசி வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். முதல் அலை போனதும் வலையைப் பார்க்க வந்துவிடக் கூடாது. பின்னால் வருவது அதைவிடப் பெரிதாக இருக்கலாம், மணிக்கணக்கில் தொடரலாம். சந்தேகம் என்றால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077. வாட்ஸப்பில் வருவதை அங்கே கேட்டுவிட்டு மற்றவர்களுக்கு அனுப்பலாம்.

அக்கா டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். கூடைக்குள் நண்டுகள் ஈரச் சாக்குக்கு அடியில் கரகரவென்று நகர்ந்தன. வண்டி வரும் நேரம்.

"ஏன்டா, கோயில் மைக் செட்டு போன திருவிழாவுல இருந்தே கரகரன்னுதான இருக்கு? அது சாவி இப்ப யாருகிட்ட?"

மகனுக்குத் தெரியவில்லை. போனை எடுத்து யாரையோ கூப்பிட்டுக் கேட்டான். அவருக்கும் தெரியவில்லை, இன்னொருவரின் நம்பர் கொடுத்தார். சென்னைக்குப் போகிற வண்டியில் கூடையை ஏற்றும்போதும் அவன் அந்த நம்பருக்குப் பேசிக்கொண்டிருந்தான்.